பிரெஞ்சுத் தற்காப்பும் எங்கள் பிள்ளைகளும்

(நூற்றாண்டு விழாவின் மூன்றாம் நாள் மாலை, கல்லூரிச் சதுரங்கக் கழகத்தைப் பயிற்றும் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு "சதுரங்கமும் ஆளுமை விருத்தியும்" என்பது. தலைவியின் அனுமதியோடு அதைச் சற்றுச் சுருக்கிக்கொண்டோம். ஆளுமையைப் பற்றி நேற்றும் இன்றும் போதிய அளவு கேட்டுவிட்டீர்கள். நாங்கள் ஒரேயொரு தொடக்க ஆட்டத்தைப் பற்றி, அதிலும் பலகையின் நடுவில் நிற்கும் நாலைந்து காலாட்களைப் பற்றி மட்டும் பேசப்போகிறோம். சதுரங்கம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமைகளில் கழகத்துக்கு வரும் பிள்ளைகளை நாங்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். தரம் ஆறில் வாங்கு போதாமல் நிலத்திலே பலகையை விரித்து ஆடுவார்கள். தரம் பத்தில் ஒரு மேசை போதும். சாதாரண தரப் பரீட்சை, ரியூசன் எல்லாம் உள்ளதுதான். அவற்றோடு சண்டை பிடிக்க நாங்கள் வரவில்லை. ஆனால் நின்றுவிடும் பிள்ளை எங்களிடம் சொல்லிவிட்டுப் போகும் காரணம் அதுவல்ல. "அக்கா, எனக்கு இதுக்கு மூளை காணாது" என்றுதான் சொல்கிறாள். கணிதத்தில் தொண்ணூறு எடுக்கும் பிள்ளையும் அதையே சொல்கிறாள்.

என்ன நடக்கிறதென்றால், அவள் யூரியூப்பில் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளை மனனம் செய்துகொண்டு போட்டிக்குப் போகிறாள். எதிரே இருப்பவள் ஆறாவது நகர்விலேயே பாடத்தில் இல்லாத ஒன்றை ஆடிவிடுகிறாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. அரை மணித்தியாலத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. மூன்று போட்டிகளில் இப்படி நடந்தால் யாருக்குத்தான் மனம் சலிக்காது? அவளுக்குக் குறைந்தது மூளை அல்ல. நடுப் பலகையில் அந்தக் காலாட்கள் எதற்காகச் சண்டை போடுகின்றன என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் வாதம் இவ்வளவுதான். இனி அதைக் காட்ட வேண்டும்.

பெயர்களை முதலில் ஒத்துக்கொள்வோம். அரசன், அரசி, மந்திரி, குதிரை, கோட்டை, காலாள் என்று நாங்கள் சொல்கிறோம். தமிழ்நாட்டிற் பலர் கோட்டையை யானை என்பார்கள். சில வீடுகளில் காலாள் சிப்பாய் ஆகிவிடும். எதுவானாலும் ஆள் ஒன்றுதான். பலகையின் நிரைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, வரிசைகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண். டி4, ஈ4, டி5, ஈ5 என்ற நான்கு கட்டங்கள்தான் பலகையின் நடு. காலாள் நேரே நடக்கும், கோணலாக வெட்டும், ஒருபோதும் பின்னால் திரும்பாது. மற்ற ஆட்கள் பிழையான இடத்துக்குப் போனால் திரும்பி வரலாம். காலாள் வைத்த அடி வைத்ததுதான். ஆகவே நடுவிற் காலாட்கள் எப்படி நிற்கின்றனவோ, அதைப் பார்த்துத்தான் மற்ற எல்லோரும் தங்கள் வேலையைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

பெண்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்று நினைக்கும் தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் திருவாரூர்ப் பக்கத்துப் பூவனூர்த் தலக்கதையைச் சொல்வதுண்டு. அங்கே இறைவனின் பெயரே சதுரங்க வல்லபநாதர். அரசன் மகளைச் சதுரங்கத்தில் வெல்ல ஒருவராலும் முடியாமற் போக, கடைசியில் சிவபெருமானே கிழவர் வடிவில் வந்து ஆடி வென்று மணமுடித்தார் என்பது கதை. கடவுளே இறங்கிவர வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனிப் பலகைக்கு வருவோம்.

வெள்ளை தன் காலாளை ஈ4இல் வைக்கிறாள். கறுப்பு ஈ6 என்று ஒரேயொரு கட்டம் வைக்கிறாள். இதுதான் பிரெஞ்சுத் தற்காப்பு. 1834இல் தொடங்கிப் பாரிஸ் நகரத்தவரும் இலண்டன் நகரத்தவரும் கடிதம் மூலம் ஆடிய ஆட்டத்தில் பாரிஸ்காரர் இதை ஆடி வென்றார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஒரு நகர்வுக்கு ஒரு கடிதம் என்று இரண்டு ஆண்டுகள் ஓடியது. அந்தப் பொறுமை இன்று வோட்ஸ்அப்பில் நீல அடையாளம் வராவிட்டாற் கோபிக்கும் எங்களுக்கு இல்லை.

அடுத்து வெள்ளை டி4 வைக்கிறாள், கறுப்பு டி5 வைக்கிறாள். இப்போது ஈ4இல் நிற்கும் வெள்ளைக் காலாளை வெட்டலாம் என்று டி5 காலாள் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வெள்ளைக்கு மூன்று வழி. வெட்டிவிடலாம், அப்போது இருபக்கமும் ஒரே மாதிரியாகி ஆட்டம் சப்பென்று போகும். குதிரையை வைத்துக் காக்கலாம். அல்லது ஈ5 என்று தள்ளிவிடலாம். மூன்றாவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் சண்டை அதிலேதான் வெளிப்படையாகத் தெரிகிறது.

ஈ5 தள்ளியதும் வெள்ளைக்கு டி4, ஈ5 என்று கோணலாக ஒரு சங்கிலி கிடைக்கிறது. கறுப்புக்கு டி5, ஈ6, எஃப்7 என்று எதிர்ச்சங்கிலி. இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நிற்கின்றன. வெள்ளைக்கு இடம் தாராளம். கறுப்புக்கு நெருக்கடி. கறுப்பின் சி8 மந்திரிக்குத் தன் ஈ6 காலாளே வாசலை அடைத்துவிடுகிறது. இதைப் பார்த்ததும் பிள்ளைகள் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். காலி வீதியிலிருந்து கடற்கரை வரை ஓடும் ஒழுங்கைகளில், இரண்டு அறை அனெக்ஸில் ஆறு பேர் இருந்து படித்து வளர்ந்த எங்களுக்கு இட நெருக்கடி அப்படியொன்றும் புதிதல்ல என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்போம்.

பலகையில் உள்ள மற்ற எல்லா ஆட்களையும் எடுத்துவிடுவோம். காலாட்கள் மட்டும் நிற்கும். "நீ கறுப்பு. எங்கே அடிப்பாய்?" பெரும்பாலான பிள்ளைகள் எஃப்6 என்று சொல்வார்கள். ஈ5இல் வந்து நிற்கும் அந்த முன்காலாளின் மூக்கில் அடிக்கத்தான் மனம் போகும். அதுவும் ஆடக்கூடிய நகர்வுதான், அதற்கும் ஒரு நேரம் வரும். ஆனால் முதல் அடி அங்கே அல்ல. ஈ5ஐத் தாங்கி நிற்பது டி4. ஏணியில் மேலே நிற்பவனோடு மல்லுக்கட்டுவதைவிட ஏணியின் காலைத் தட்டுவது சுலபம். ஆகவே கறுப்பின் நகர்வு சி5. காலாட் சங்கிலியை அதன் அடியில் தாக்கு என்று விரிவாக எழுதியவர் றீகாவில் பிறந்த ஆரன் நிம்சோவிச். 1925இல் வெளிவந்த "என் முறை" என்ற அவருடைய நூலை நூறு ஆண்டு கழித்தும் பயிற்சியாளர்கள் படிக்கிறார்கள்.

சி5 வந்ததும் வெள்ளை சி3 வைத்து டி4ஐத் தாங்குகிறாள். சங்கிலியின் அடி இப்போது சி3க்கு இறங்கிவிட்டது. கறுப்பு குதிரையைச் சி6இல் வைக்கிறாள், அதுவும் டி4ஐப் பார்க்கிறது. வெள்ளையின் குதிரை எஃப்3இல், டி4ஐக் காக்கிறது. கறுப்பின் அரசி பி6க்கு வருகிறாள், அவளும் டி4ஐப் பார்க்கிறாள். ஒவ்வொரு நகர்வும் அந்த ஒரு கட்டத்தைப் பற்றியதுதான் என்று இப்போது உங்களுக்கே தெரிகிறதல்லவா? பன்னிரண்டு நகர்வை மனனம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. டி4ஐ அடிப்பவர் எத்தனை பேர், காப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு போனால் பாதி நகர்வுகள் தாமாக வரும்.

எண்ணுவதிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. வெள்ளை மந்திரியை டி3இல் வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சி5 காலாள் டி4ஐ வெட்ட, சி3 காலாள் திருப்பி வெட்டுகிறது. இப்போது டி4இல் நிற்கும் காலாளை கறுப்புக் குதிரையும் அரசியும் அடிக்கின்றன. காப்பதற்கு எஃப்3 குதிரை மட்டும். வெள்ளை அரசியின் பார்வையை அவளுடைய மந்திரியே டி3இல் நின்று மறைக்கிறது. இரண்டுக்கு ஒன்று, காலாள் சும்மா கிடைக்கிறது என்று கறுப்பு குதிரையால் வெட்டுகிறாள். வெள்ளைக் குதிரை வெட்ட, கறுப்பு அரசி வெட்டுகிறாள். உடனே வெள்ளை மந்திரி டி3இலிருந்து பி5க்குத் தாவுகிறது. செக்! அரசனைக் காப்பாற்ற வேண்டும். இதற்கிடையில் மறைப்பு விலகிய டி நிரையில் வெள்ளை அரசி கறுப்பு அரசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அரசி போய்விட்டாள்.

இதைத் தவிர்க்க, கறுப்பு வெட்டுவதற்கு முன் தன் மந்திரியை டி7இல் வைக்க வேண்டும். பிறகு பி5இல் செக் கிடையாது. இந்த டி7 நகர்வு எங்கள் பிள்ளைகளின் மனனப் பட்டியலில் ஏழாவதாக இருக்கிறது. ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் அக்கா காட்டினவை" என்பார்கள். ஒருநாள் ஒழுங்கு சற்று மாறி வரும்போது டி7ஐ மறந்து காலாளை வெட்டுவார்கள், அரசியை இழப்பார்கள், மூளை காணாது என்று வீட்டுக்குப் போவார்கள். ஒருமுறை அந்தப் பொறியில் விழுந்து, ஏன் விழுந்தோம் என்று தானே கண்டுபிடித்த பிள்ளை அதை இந்த ஆயுளில் மறக்கமாட்டாள். டி7 வைத்த பின்னும் அந்தக் காலாளை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்துத் தாக்கும் வழி ஒன்று வெள்ளைக்கு உண்டு. அது ஸ்ருவேட் மில்னர்-பரி என்ற ஆங்கிலேயரின் பெயரால் வழங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் இரகசியக் குறிகளை உடைத்த பிளெச்லி பார்க்கில் வேலை செய்தவர் அவர்.

இனி, பெரிய மேடைக்கு வருவோம். 2024 நவம்பர் 25, சிங்கப்பூர். உலகச் சம்பியன் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம். வெள்ளை ஆட்களோடு சென்னைப் பிள்ளை குகேஷ், வயது 18. எதிரே சீனாவின் டிங் லிரன், நடப்புச் சம்பியன். குகேஷ் ஈ4 வைக்க, டிங் ஈ6 வைத்தார். எங்கள் பிரெஞ்சுத் தற்காப்பேதான். அன்று மத்தியானம் கழகத்து வோட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த செய்திகளை எண்ணி முடியாது.

இங்கே வெள்ளை உடனே தள்ளவில்லை. மூன்றாவது நகர்வில் குதிரையைச் சி3இல் வைத்தார். கறுப்புக் குதிரை எஃப்6க்கு வந்து ஈ4ஐ மிரட்டியதும்தான் ஈ5 தள்ளினார். குதிரை டி7க்குப் பின்வாங்கியது. வெள்ளை எஃப்4 வைத்து ஈ5க்கு இன்னொரு தூண் கொடுத்தார். கறுப்பு அதே சி5. முதலாவது உலகச் சம்பியனான ஸ்ரைனிற்ஸின் பெயரால் வழங்கும் வகை இது. சி3இல் குதிரை நிற்பதால் காலாளை அங்கே வைக்க முடியாது. எனவே ஆறாவது நகர்வில் குகேஷ் குதிரையை ஈ2க்கு எடுத்து வழிவிட்டு, ஏழாவதில் சி3 வைத்தார். ஒரு நகர்வைச் செலவழித்து வாங்கிய சங்கிலி: சி3, டி4, ஈ5, பக்கத்தில் எஃப்4. பார்க்க மலைபோல இருக்கும்.

டிங்கின் ஏழாவது நகர்வு ஏ5. பலகையின் ஓரத்தில் ஒரு காலாள் இரண்டு கட்டம் நகர்கிறது. நடுவில் இவ்வளவு நடக்கும்போது ஓரத்தில் என்ன வேலை? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நாங்கள் தேநீர் குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது தரம் ஏழுப் பிள்ளையொருத்தி, "அக்கா, சி3ஐத் தாங்கிறது பி2 தானே" என்றாள். அவ்வளவுதான். சங்கிலியின் அடி சி3, அடியின் அடி பி2. அந்த ஓரக் காலாள் ஏ5, ஏ4, ஏ3 என்று இறங்கி வந்து பி2இன் கதவைத் தட்டியது. வெள்ளையின் பி காலாள் முதலில் பி3க்கும் பிறகு பி4க்கும் நகர வேண்டி வந்தது. அப்படி நகர்ந்ததும் சி4 கட்டத்தைக் காக்க வெள்ளைக்குக் காலாளே இல்லை. கறுப்புக் குதிரை வந்து அங்கே அமர்ந்தது. சி3 காலாள் துணையற்று நின்றது.

குகேஷின் எண்ணமும் வெறுமையானதல்ல. அவர் அரசன் பக்கத்தில் ஜி4 தள்ளி, எஃப்5 என்ற அடியைத் தயார் செய்துகொண்டிருந்தார். கறுப்புச் சங்கிலியின் கணுவான ஈ6ஐ நோக்கிய அடி அது. ஒருவர் இந்தப் பக்கத்து ஏணியைத் தட்ட, மற்றவர் அந்தப் பக்கத்து ஏணியைத் தட்ட, யார் முந்துவது என்ற ஓட்டம். அன்று கறுப்பு முந்தியது. 42 நகர்வுகளில் டிங் வென்றார். முதல் ஆட்டத்திலேயே, வெள்ளை ஆட்களோடு, உலகமே பார்த்திருக்க, 18 வயதுப் பிள்ளை தோற்றது.

எங்கள் குழுவில் அழும் முகங்கள் நிறைய வந்தன. ஆனால் நாங்கள் பிள்ளைகளுக்கு விரிவாகக் காட்டுவது அதற்குப் பிறகு நடந்ததை. டிசம்பர் 11, பதின்மூன்றாவது ஆட்டம். இருவரும் ஆறுக்கு ஆறு சமநிலை. கடைசி முறையாகக் குகேஷுக்கு வெள்ளை ஆட்கள். மறுபடி ஈ4, மறுபடி ஈ6, அதே குதிரைகள், அதே ஈ5, எஃப்4, சி5. தோற்ற அதே வாசலால் திரும்ப நுழைகிறார். ஆறாவது நகர்வில் மட்டும் குதிரையை ஈ2க்கு எடுக்காமல், மற்றக் குதிரையை எஃப்3இல் வைத்தார். டி4ஐக் காலாளால் அல்ல, ஆட்களால் தாங்கும் வழி. அன்று டிங் நெடுநேரம் தவிக்க வேண்டியிருந்தது. 69 நகர்வுகளில் ஆட்டம் சமநிலையானது. மறுநாள் கடைசி ஆட்டத்தில், கறுப்பு ஆட்களோடு குகேஷ் வென்று, ஏழரைக்கு ஆறரை என்று பட்டத்தை எடுத்தார்.

பெண்பிள்ளையின் பெயரையும் சொல்ல வேண்டும். ரொரன்ரோச் சகோதரிகள் சிலர் 2024 ஏப்ரலில் உங்கள் நகரத்திலேயே அவரைப் பார்த்திருக்கவும் கூடும். சென்னை வைஷாலி. பிரக்ஞானந்தாவின் அக்கா என்று பத்திரிகைகள் எழுதும். உண்மையில் முதலில் ஆடத் தொடங்கியது அக்காதான், தம்பி அவரைப் பார்த்துத்தான் பலகைக்கு வந்தவர். அந்த ரொரன்ரோச் சுற்றில் வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்றார். அதற்குப் பிறகு மிஞ்சிய ஐந்தையும் வென்றார். நான்காவது தோல்வியின் இரவில் அவர் மூளை காணாது என்று சொல்லவில்லை என்று எங்களாற் சத்தியம் செய்ய முடியாது. சொல்லியிருந்தாலும் மறுநாள் வந்து உட்கார்ந்தார்.

இனி உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறோம்.

வெளிநாட்டுக் கிளைகள் கழகத்துக்கு மடிகணினிகளும் சதுரங்க மென்பொருளும் அனுப்ப விரும்புவதாக அறிகிறோம். மனம் நிறைந்த நன்றி. ஆனால் இப்போது வேண்டாம். எந்த நகர்வு நல்லதென்று கணினி கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும், ஏன் என்று சொல்லாது. எங்கள் பிள்ளைகளுக்குப் பதில்கள் ஏற்கெனவே கூடிப்போய்விட்டன. சுவரில் மாட்டும் பெரிய காந்தப் பலகை ஒன்றும், சில கடிகாரங்களும் போதும்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. சனிக்கிழமை வகுப்பு வெள்ளவத்தையில் நடக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஜிந்துப்பிட்டியிலிருந்தும் வரும் பிள்ளைகள் கோட்டையில் பஸ் மாறி வந்து, ஒரு ஆட்டம் ஆடி முடிவதற்குள் திரும்பப் புறப்பட வேண்டியிருக்கிறது. தாய்மார் வாசலில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆட்டத்தை முடித்துவிட்டு "எங்கே திரும்பியது?" என்று இருவரும் சேர்ந்து பார்க்கும் அந்த இருபது நிமிடம் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. கற்பது முழுவதும் அந்த இருபது நிமிடத்தில்தான் நடக்கிறது. தரம் ஒன்பதோடு நின்றுவிடுபவர்களில் இவர்களே கூடுதல் என்பதை நாங்கள் வரவுப் புத்தகத்தைப் புரட்டியபோது கண்டோம்.

ஆகவே கொட்டாஞ்சேனையில் வீடுள்ள பழைய மாணவியர் யாராவது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஒரு விறாந்தையைத் தர முடியுமா? மேசை கதிரை நாங்கள் கொண்டுவருவோம். பயிற்ற இரண்டு பேர் வருவோம். வீட்டுக்காரருக்குச் சதுரங்கம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தேநீரும் கட்டாயமில்லை, தந்தால் மறுக்கவும் மாட்டோம். தரம் பத்து, பதினொன்று பிள்ளைகளின் தாய்மாரோடு நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் அது நாங்கள் பேசும் பத்துக்குச் சமம். ரியூசனை விடச் சொல்ல வேண்டாம். வாரத்தில் அந்த இரண்டு மணித்தியாலத்தை மட்டும் எடுக்காமல் விடச் சொல்லுங்கள்.

இடைவேளையில் மண்டப வாசலருகே ஒரு பலகை வைத்திருக்கிறோம். டிங் ஏ5 ஆடிய அதே நிலை. அந்தத் தரம் ஏழுப் பிள்ளை அங்கே இருப்பாள், வெள்ளைக்கு நீங்கள் என்ன ஆடுவீர்கள் என்று கேட்பாள். விறாந்தை உள்ளவர்கள் பெயரை அவளுடைய கொப்பியில் எழுதிவிட்டுப் போகலாம்.